மூளைக்குள் ஒரு சாப்பாட்டு ராமன்

கே: புற்று அடக்கி மரபணு என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

ப: உங்களுக்குள்ளேதான், செல்லுக்குச் செல். ‘டிஎன்ஏ-வைச் சரிபார்க்காமல் பிரியாதே’ என்று அதட்டுவது அதன் உத்தியோகம். கிளையோபிளாஸ்டோமா என்ற முரட்டு மூளைக் கட்டியில் பி53, பிடென் என்ற இரண்டு அடக்கிகளும் அடிக்கடி பழுதாகிவிடும். அப்புறம் அதட்ட ஆளில்லை.

கே: பி53 நல்லவரா, கெட்டவரா?

ப: 1979-ல் கண்டுபிடித்தார்கள். புற்றை வளர்க்கும் பாவி என்று பத்து வருஷம் கூண்டில் நிறுத்தினார்கள். ஆய்வகத்தில் இருந்த மாதிரிகளே பழுதானவை என்பது பிறகுதான் தெரிந்தது. 1989-ல் விடுதலை. நஷ்ட ஈடு கிடையாது.

கே: செல் பிரிவதைத் தடுப்பவருக்குச் சாப்பாட்டு விவகாரத்தில் என்ன வேலை?

ப: நிறைய. குளுக்கோஸ் உள்ளே வரும் வாசல்களைக் குறைக்கிறார். ‘டைகர்’ என்ற புரதத்தை ஏவி, சர்க்கரை உடையும் வேகத்தை மட்டுப்படுத்துகிறார். எஸ்சிஓ2 என்ற இன்னொன்றைக் கொண்டு, செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சுவாச நொதியைக் கட்டித் தருகிறார். பின்னிரண்டும் 2006-ல் வெளிவந்தவை. பி53 போனால் வரவு ஏறும், எரிப்பு தள்ளாடும்.

கே: பிடென் என்ன செய்கிறது?

ப: இன்சுலின் தட்டியதும் செல்லுக்குள் ஓடும் ‘சாப்பிடு, வளர்’ சமிக்ஞையை அணைப்பது அதுதான். பத்தாம் குரோமோசோமில் குடியிருப்பு. கிளையோபிளாஸ்டோமாவில் பல சமயம் அந்தக் குரோமோசோமே ஒன்று காணாமல் போயிருக்கும். பிறகு சமிக்ஞை அணையாது. விருந்தாளி வராமலே பந்தி நடக்கும்.

கே: பிராணவாயு இருந்தும் புற்றுச் செல் சர்க்கரையை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக்குகிறதாமே. முட்டாளா அது?

ப: 1920-களில் இதைக் கவனித்தவர் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க். முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி, அதாவது செல்லின் சக்தி நாணயம். அரைகுறைக்கு இரண்டே. ஆனால் பெருகும் செல்லுக்குச் சக்தி மட்டும் போதாது. புது டிஎன்ஏ, கொழுப்பு எல்லாம் கட்டக் கார்பன் சரக்கு வேண்டும். முழுக்க எரித்துவிட்டால் கையில் மிஞ்சுவது கரியமில வாயு.

கே: அப்படியானால் வார்பர்க் சொன்னது முழுக்கச் சரியா?

ப: பாதி. மைட்டோகாண்ட்ரியா கெட்டதே புற்றுக்கு மூலம் என்றார். நோயாளிகளின் மூளைக் கட்டிகளைச் சோதித்தால் அங்கே மைட்டோகாண்ட்ரியாவும் மும்முரமாக எரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு வேடிக்கை: 1931-ல் அவர் நோபல் வாங்கியது சுவாச நொதிக்காக. பி53 கட்டித் தருகிறது என்றேனே, அதே நொதி! மனிதர் 1970-லேயே போய்விட்டார். யார் போய்ச் சொல்வது?

கே: சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகுமா?

ப: நீங்கள் நிறுத்தலாம், உங்கள் கல்லீரல் நிறுத்தாது, அது தானே குளுக்கோஸ் தயாரிக்கும். கட்டி அசிடேட், குளூட்டமின் என்று கிடைத்ததையும் தின்னும். முதலில் இளைப்பது நோயாளி. டாக்டரைக் கேட்காமல் தட்டை நகர்த்தாதீர்கள்.

கே: சர்க்கரை வெறியனைப் பெட் ஸ்கேனில் சுலபமாகப் பிடிக்கலாமே?

ப: நுரையீரலில் பிடிக்கலாம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை 20 சதவீதச் சக்தியை விழுங்குகிறது. ஊரே சாப்பாட்டு ராமன்கள், இதில் யாரைப் பிடிப்பது? அதனால் மூளைக்குச் சர்க்கரைக்குப் பதில் அமினோ அமிலத்தில் கதிரியக்க அடையாளம் ஒட்டி அனுப்புகிறார்கள்.

கே: பி53-க்கு ஒரு மாத்திரை போடக்கூடாதா?

ப: அட்டகாசம் செய்யும் புரதத்தை மாத்திரையால் மடக்கலாம். ஓடிப்போனவரை எப்படிக் கைது செய்வது?

கே: யானைக்குப் புற்று அபூர்வமாமே?

ப: நமக்கு பி53 மரபணு ஒரு ஜோடி, யானைக்குச் சுமார் இருபது ஜோடி. அந்தக் கணக்கில் பிள்ளையாருக்கு மூளைக் கட்டி பயமில்லை. தொந்திக்குத்தான் உத்தரவாதம் தர முடியாது.