கட்டிலுக்கு எத்தனை கிலோ?

கேள்வி: ஒன்றரை டன் பிக்கப் வாங்கியிருக்கிறேன். பின்னால் கூண்டு கட்டி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, குடும்பத்தோடு மலைமேல் உள்ள கரியாலூரில் இரண்டு நாள் தங்க ஆசை. ஒன்றரை டன் எங்கே, ஒரு கட்டில் எங்கே! எடையைப் பற்றி நான் கவலைப்பட வேண்டுமா? (கள்ளக்குறிச்சி வாசகர்)

பதில்: கட்டாயம் கவலைப்பட வேண்டும். அதுவும் கூண்டு கட்டுவதற்கு முன்பே. ஒன்றரை டன் என்பது ஷோரூமில் சொல்லும் எண். உங்கள் வண்டிக்குரிய எண் ஆர்.சி.யில் இருக்கிறது. மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பாரம். ஓட்டுநரும் குடும்பமும் கூண்டும் கட்டிலும் கடைசிக் குழம்புச் சட்டி வரை அதற்குள்தான் அடங்க வேண்டும். இப்போது கணக்கைப் பாருங்கள். எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று சுமார் 35 கிலோ. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நான்கு பலகை போனால் 140. இரும்புச் சட்டமும் தகரக் கூரையும் சேர்ந்த கூண்டு எளிதில் 200 தொடும். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி 55. நிறைந்த வீட்டு சிலிண்டர் 30. நான்கு பேர் 250. பாத்திரம், அரிசி, துணிமணி, பாய், கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 925 கிலோ. ஒன்றரை டன்னுக்குள் வந்துவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. அந்த வண்டியின் கேபினில் நான்கு பேருக்கு இருக்கை கிடையாது. நான்கு பேர் முறையாக உட்கார்ந்து வர இரட்டைக் கேபின் வண்டி வேண்டும். அந்த வகையில் பாரத்திறன் ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கிறது. ஊரில் கடன் வாங்கிய நாற்காலி நாலு ஏற்றினால் எல்லையை முட்டிவிடும். முக்கால் டன் சுமக்கும் குட்டி யானையில் இதே கூண்டைக் கட்டினால் புறப்படும்போதே 175 கிலோ அதிகம்.

கேள்வி: எங்கள் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப்புகள் அளவுக்கு மீறிய பாரத்தோடு இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறோம். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே? நீங்கள் கட்டிலைக் கண்டு பயப்படுகிறீர்கள். (வெள்ளிமலை வாசகர்)

பதில்: நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. அந்த வண்டிகள் செய்வதும் தவறுதான். ஆனாலும் சில வேறுபாடுகள் உண்டு. முதலாவது, ஓய்வு. கிழங்கு ஆலை வாசலில் இறங்கிவிடும், திரும்பும்போது ஸ்பிரிங் பட்டைக்கு ஓய்வு கிடைக்கும். கூண்டும் கட்டிலும் இறங்குவதே இல்லை. சந்தைக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும், சும்மா வாசலில் நிற்கும்போதும் அந்த எடை பட்டையின் மேல்தான் இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் சேஸிஸ் அதை வாங்கிக்கொள்கிறது. உலோகம் ஒரு நாள் பாரத்தைத் தாங்கிவிடும். ஓயாமல் வரும் பாரத்தில் அது சோர்ந்து, வெல்டிங் இணைப்பில் மயிரிழை விரிசலாகத் தொடங்கும். இரண்டாவது, உயரம். மூட்டை தரையோடு படுத்துக் கிடக்கும். கூண்டில் அலமாரி மேலே, தொட்டி மேலே, கூரையில் சோலார் பலகை. எடை ஒன்றாகவே இருந்தாலும் கொண்டை ஊசி வளைவில் உயரத்தில் உள்ள எடைதான் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது: இறக்கம். கரியாலூருக்குக் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து ஏறும்போது எஞ்சின்தான் திணறும். அது சத்தம் போட்டு எச்சரித்துவிடும். இறங்கும்போது பாடுபடுவது பிரேக். அது கடைசி வரை வாய் திறக்காது. மூன்று டன் எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் வெளிப்படும் ஆற்றல், குழாயில் பிடித்த 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் எஞ்சின் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அந்தப் பங்கும் பிரேக்கின் தலையில் விழும். அனுமதிக்கு மேல் அரை டன் ஏற்றினால், இன்னொரு எட்டு லிட்டரைக் கொதிக்க வைக்கும் சூடு கூடுகிறது. பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது சீக்கிரம் கொதித்துக் குமிழியாகும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். கிழங்கு வண்டி ஓட்டுநர் அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்தவர். விடுமுறைக்கு வருகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து நாளையைத் தீர்மானிக்க வேண்டாம்.

கேள்வி: பட்டறையில் கூடுதலாக ஒரு பட்டை போட்டால் வண்டி இன்னும் கால் டன் தாங்கும் என்கிறார்கள். உண்மையா? (சின்னசேலம் வாசகர்)

பதில்: பட்டை தாங்கும், வண்டி தாங்காது. கூடுதல் பட்டை செய்வது ஒன்றே: தொய்ந்த பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். அச்சு, பேரிங், பிரேக், சேஸிஸ், டயர் எதுவும் மாறவில்லை. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. பட்டறையில் எத்தனை பட்டை போட்டாலும் அந்த எண் மாறாது. தொய்வு என்பது பாரம் மிகுந்துவிட்டது என்று வண்டி காட்டும் அடையாளம். அதைப் பட்டை போட்டு மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கே ஏற்றுகிறோம் என்பதும் எடையை மாற்றும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். 100 லிட்டர் தொட்டியைப் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், பின் அச்சில் ஏறுவது 100 கிலோ அல்ல, 133 கிலோ. முன் அச்சிலிருந்து 33 கிலோ குறைந்துவிடும். முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் பிடிப்பு குறையும், மேடேறும் வளைவில் அது நன்றாகவே தெரியும். ஆகவே தண்ணீரும் பேட்டரியும் கேபினை ஒட்டி, தரையோடு இருக்கட்டும்.

கேள்வி: என் வண்டி, என் காசு. சட்டம் ஏன் குறுக்கே வருகிறது? (சங்கராபுரம் வாசகர்)

பதில்: உங்கள் வண்டிதான். ஆனால் சாலை எதிரே வரும் பள்ளிப் பிள்ளைக்கும் சொந்தம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. தங்கும் வசதியுள்ள வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. நிரந்தரமாக எதையாவது பற்றவைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதானா? (கச்சிராயபாளையம் வாசகர்)

பதில்: வேண்டாம், மூட்டையின் எடையைக் குறைத்தால் போதும். வெறும் வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். எல்லாம் ஏற்றிய பிறகு, குடும்பத்தையும் உட்கார வைத்து இன்னொரு முறை. மூன்றாவதாக முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடுத்தால் அச்சுக்கு எவ்வளவு என்பதும் தெரியும். இதற்கு ஆகும் செலவு ஒரு பிளைவுட் பலகையின் விலையைவிடக் குறைவு. நிரந்தரமாகப் பொருத்துவது பாரத்திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. மீதி மனிதர்களுக்கும் தண்ணீருக்கும் உணவுக்கும் வேண்டும். 18 மில்லிமீட்டர் பலகைக்குப் பதில் 12 போட்டால் பலகைக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் மிச்சம். பெரிய சிலிண்டருக்குப் பதில் ஐந்து கிலோ சிலிண்டர் போதும், அதையும் மூடிய கூண்டுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். தண்ணீரைக் கள்ளக்குறிச்சியிலிருந்து சுமக்காமல் குடிக்க மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை மேலே போய் நிரப்புங்கள். காட்டுப் பகுதியில் தங்க வனத்துறை அனுமதியும் முன்பே வேண்டும்.

கேள்வி: கூண்டில் இடம் இருக்கிறதே, அக்கம்பக்கத்தார் பத்துப் பேரையும் ஏற்றிக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: கூடாது. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் செம்பரை மலைக்கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்ற சிறு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். பேருந்து குறைவான மலைக் கிராமங்களில் மக்கள் வேறு வழியின்றிச் சரக்கு வண்டியில் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பேருந்து கேட்டுக் குரல் கொடுப்போம். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அக்கம்பக்கத்தாரைக் கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏற்றிவிட்டு, கரியாலூரில் வரவேற்றுச் சோறு போடுங்கள்.