கப்பல் சார்

ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு கப்பல் சார் இருக்கிறார். நங்கநல்லூரில் இருக்கிறார், அண்ணா நகரில் இருக்கிறார், திருச்சி தில்லைநகரிலும் கோவை ஆர்.எஸ். புரத்திலும் இருக்கிறார். வங்கியில் முதுநிலை மேலாளராகவோ பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராகவோ இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவுபசார விழாவில் போட்ட சந்தன மாலை இன்னும் ஹாலில் தொங்குகிறது. பிள்ளை சியாட்டிலில். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அலாஸ்காவுக்குக் கப்பலில் போக ஒரு மனிதனுக்கு வேறென்ன தகுதி வேண்டும்? போவது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஜரூராக நடந்துகொண்டிருக்கிறது.

ஏன் அலாஸ்கா என்று கேட்பீர்கள். சிங்கப்பூருக்கு எல்லோரும் போகிறார்கள். சுவிட்சர்லாந்துக்குச் சம்பந்தி போய்விட்டு வந்து, பனியில் வேட்டியோடு நின்ற படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். மிச்சமிருப்பது அலாஸ்காதான். அதுவும் வெறும் கப்பல் பயணம் இல்லை. ஏழு நாள் கடல். இறங்கியதும் ரயிலும் பஸ்ஸுமாக ஐந்தாறு நாள் தரை. வான்கூவர், கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, விட்டியர், டெனாலி, ஃபேர்பேங்க்ஸ். தாம்பரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் என்று பாசஞ்சர் ரயிலில் சொல்லிக்கொண்டே வருவது போலக் கடகடவென்று சொல்லிவிடுவார்.

நாமாக இருந்தால் டிக்கெட் எடுப்போம். கப்பல் சார் கோப்பு திறந்தார். கணினியில் ஒரு எக்செல், அது போதாதென்று கெட்டி அட்டை போட்ட ஒரு பைல், அதில் பச்சை மையில் குறிப்புகள். உள்ளே அறை ஒப்பீடு, விமான இணைப்பு, துறைமுகவாரியாக மழை நிலவரம், டிப்ஸ் கணக்கு என்று தனித்தனித் தாள்கள். கப்பலில் டிப்ஸ் நாமாக எடுத்துக் கொடுப்பது இல்லை. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு டாலர் என்று தானாகவே பில்லில் ஏறிவிடும். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அன்று அவர் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. “காபியக் கொண்டாந்து கொடுக்கிறவனுக்கு இவ்வளவா? நம்ம பிராஞ்ச் பியூனுக்கு தீபாவளிக்கே நான் இவ்வளவு கொடுத்ததில்ல!”

பூங்காவில் அவருக்குப் பிடித்த பாடம், கப்பல் ஏன் வான்கூவரில் கிளம்புகிறது என்பது. “அலாஸ்கா அமெரிக்கா. சியாட்டிலும் அமெரிக்கா. அப்புறம் நடுவில கனடா எதுக்கு, சொல்லுங்க பார்ப்போம்?” யாரும் சொல்ல மாட்டார்கள். நடக்க வந்தவர்களுக்குக் கால் வலிக்கத் தொடங்கும். அவர் தொடருவார். 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட வேண்டுமானால், கப்பல் அமெரிக்காவில் கட்டியதாகவும் அமெரிக்கக் கொடி பறப்பதாகவும் இருக்க வேண்டும். உல்லாசக் கப்பல்களோ பஹாமாஸ், பெர்முடா, பனாமா என்று எங்கெங்கோ பதிவானவை. அதனால் கனடாவில் ஏற்றி அலாஸ்காவில் இறக்குகிறார்கள். சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பினால் வழியில் ஒரு கனடியத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். 2021இல் கொரோனாவுக்காகக் கனடா துறைமுகங்களை மூடியபோது இந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். “அந்த வருஷம் போயிருந்தா கனடா விசாச் செலவு மிச்சம்” என்று பெருமூச்சு விடுவார். அந்த வருஷம் பால் வாங்கக்கூட அவர் வாசலைத் தாண்டவில்லை.

அமெரிக்க விசா கையில் இருக்கிறது. பேரன் பிறந்தபோது அண்ணா மேம்பாலத்தடியில் வரிசையில் நின்று வாங்கிய பத்து வருஷ விசா. அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பது எக்செல்லில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. பயணத் தேதிக்கான கட்டம் மட்டும் காலி.

வருஷத்தில் பாதி மாதம் அலாஸ்காவுக்குக் கப்பலே கிடையாது. பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. இதில் மே மாதம் குளிர். ஜூனில் பள்ளி விடுமுறைக் கூட்டம், விலை அதிகம். ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அடுத்து ஆடி; புதிதாக எதையும் தொடங்கக்கூடாது. ஆவணியில் யாராவது சொந்தத்தில் கல்யாணம் வைத்துவிடுவார்கள். செப்டம்பரில் அங்கே மழை. நவம்பரில் பென்ஷனுக்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டுமே என்றும் கவலைப்படுகிறார். நவம்பரில் கப்பலே ஓடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கவலைப்பட்டு வைப்பதில் நஷ்டமில்லை என்பது அவர் கட்சி.

பணம் கட்டுவதிலும் இதே கதைதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கப்பல் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு சலுகை அறிவிக்கும் காலம். ஆனால் பிப்ரவரி ஒன்றாம் தேதி பட்ஜெட். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜை இங்கே வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். அதன் விகிதத்தையும் வரம்பையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பட்ஜெட் உரையைப் படித்து, ஆடிட்டர் நண்பரிடம் சந்தேகம் கேட்டு, அவர் சொன்னதை நம்பாமல் இன்னொருவரிடம் கேட்டு முடிப்பதற்குள் ஏப்ரல் வந்துவிடும். சலுகை போய்விடும். “அடுத்த ஜனவரி பார்த்துக்கலாம். அவசரப்படறவன்தான் ஏமாறுவான்.”

அறை விவகாரத்துக்கு வருவோம். பைலில் பாதி அதுதான். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு. ஆனால் ஜன்னல் இல்லாத அறையில் கிடப்பதற்கு மாம்பலத்தில் தம்பி வீடே போதும் என்பது மனைவியின் வாதம். ஆகவே பால்கனி. எந்தப் பக்கப் பால்கனி? வடக்கு நோக்கிப் போகும் கப்பலில் கரை பெரும்பாலும் வலப்பக்கம் வரும். எனவே வலப்பக்கம். எந்தத் தளம்? மேலே போகப் போக ஆட்டம் கூடும். நடுவில், கீழ்த் தளத்தில் குறையும். மேலே நீச்சல் குளம் இருந்தால் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். இப்படி ஆராய்ந்து ஆராய்ந்து ஒரு கப்பலின் தள வரைபடத்தில் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, பேனாவால் வட்டம் போட்டு, குலதெய்வம் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்தார். அந்தக் கப்பலை அடுத்த வருஷம் கம்பெனி வேறு கடலுக்கு மாற்றிவிட்டது.

இவருடைய தாத்தா பினாங்குக்குப் போனது ரஜுலா கப்பலில். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகள் வரை ஓடிக்கொண்டிருந்தது. தாத்தாவின் பயணத் திட்டம் ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஓர் ஊறுகாய் ஜாடி. மேல்தளத்தில் பாயை விரித்தார், படுத்தார், போய்ச் சேர்ந்தார். கரை எந்தப் பக்கம் வரும் என்று அவர் யாரையும் கேட்டதாகத் தகவல் இல்லை.

மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. அந்த அம்மா திட்டத்தில் தலையிடுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேள்வி மட்டும் கேட்பார்.

“ஏங்க, ரூம்ல சின்னதா ஒரு ரைஸ் குக்கர் வெச்சுக்கலாமா?”

“கூடாது. சூடு பண்ற சாமான் எதுவுமே கூடாது. அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாத்தையும் ஏறும்போதே வாங்கி வெச்சுக்குவான். இறங்கும்போதுதான் தருவான்.”

“சரி, சாயங்காலம் ஒரு விளக்கு?”

“மெழுகுவத்தி, ஊதுவத்திகூடக் கூடாது. நெருப்பு ஆபத்து.”

“அப்ப தரையில இறங்கினப்புறம்தான் ஏத்தணும்.”

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் புரட்டினார். “ஃபேர்பேங்க்ஸ்ல ஜூன் மாசம் சாயங்காலமே கிடையாதும்மா. ராத்திரி பன்னெண்டரைக்கு மேலதான் சூரியன் மறையும். மூணு மணிக்குத் திரும்ப உதிச்சுடும்.”

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே யோசித்தார். “அப்ப பிரதோஷம் எத்தனை மணிக்கு?”

கப்பல் சாரிடம் அதற்கு விடை இல்லை. கை கழுவிவிட்டு நேராகக் கணினிக்குப் போய் எக்செல்லில் ஒரு பத்தியைச் சேர்த்தார்.

தரைப் பகுதியில் அவரை மிகவும் கவர்ந்த இடம் பனிமலையோ கரடியோ இல்லை, விட்டியர். கப்பல் வந்து நிற்கும் குட்டி ஊர். அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே கட்டடத்தில், பதினான்கு மாடிக் குடியிருப்பில் வசிக்கிறார்கள். தபால் நிலையம், மளிகைக் கடை எல்லாம் உள்ளேயே. தரை வழியாக வெளியே போக ஒரே ஒரு சுரங்கப்பாதை. நான்கு கிலோமீட்டர் நீளம், ஒற்றைத் தடம். ரயிலும் காரும் அதில்தான் மாறி மாறிப் போக வேண்டும், அதுவும் திறந்துவிடும் நேரத்தில். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகவும் இருக்கும் கப்பல் சாருக்கு இதைப் படித்ததும் கண் பனித்தது. “பார்த்தீங்களா? மெயின்டனன்ஸ் பாக்கி வெச்சவன் எங்கயும் நழுவ முடியாது!” சி பிளாக்கில் எட்டு மாத பாக்கியோடு ஒருவர் இருக்கிறார்; அவரை மனதில் வைத்துத்தான் சொன்னார்.

டெனாலி மலை அவருக்குப் படுத்திய பாடு பெரிது. 6,190 மீட்டர், வட அமெரிக்காவிலேயே உயரமானது. திட்டம் தொடங்கிய நாளில் அது அதிகாரப்பூர்வமாக மெக்கின்லி. 2015இல் டெனாலி என்று மாற்றினார்கள். இவரும் தாள் தாளாகத் திருத்தினார். 2025 ஜனவரியில் மறுபடி மெக்கின்லி ஆக்கினார்கள். ஆனால் சுற்றியுள்ள தேசியப் பூங்காவுக்கு டெனாலி என்ற பெயரே இருக்கிறது. மறுபடி திருத்தம். இத்தனை செய்தும், போகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் மலை தெரியுமாம், மற்றவர்களுக்கு மேகம்தான். “தெரியலன்னா காசைத் திருப்பித் தருவாங்களா?” என்று அம்மா கேட்டார். அது பற்றி நிபந்தனைகளில் எதுவும் இல்லை என்று இவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

கப்பல் சாருக்கு உலகத்தில் ஒரே எதிரி உண்டு: போய்விட்டு வந்தவர். அப்படி ஒருவர் பி பிளாக்கில் முளைத்தார். மருமகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாளாம், போனாராம், வந்தாராம். பூங்கா பெஞ்சில் விசாரணை நடந்தது.

“எத்தனாவது டெக்?”

“அது ஞாபகமில்ல சார். லிஃப்ட்ல இறங்கி இடது கைப் பக்கம் திரும்பணும்.”

“பால்கனி எந்தப் பக்கம்?”

“கடல் பக்கம்.”

கப்பல் சார் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். “கிளேசியர் பேல எந்தப் பனியாறு காட்டினான்? மார்ஜரியா, லாம்ப்லூவா?”

“பேரெல்லாம் யாரு சார் பார்த்தா? மலை மாதிரி ஐஸ். திடீர்னு ஒரு பக்கம் பேந்து விழுந்துச்சு, டமார்னு இடி இடிச்ச மாதிரி. வீட்டுக்காரி பயந்து என் கையைப் பிடிச்சவ, அரை மணி நேரம் விடவே இல்ல.”

“அதான் கேக்கிறேன், வலப்பக்கம் இருந்தவங்களுக்குத்தானே தெரிஞ்சிருக்கும்?”

“இல்லையே சார். கொஞ்ச நேரம் நிறுத்திட்டு, கப்பலையே நின்ன இடத்திலேயே ஒரு சுத்து சுத்திக் காட்டினான். ரெண்டு பக்கத்துக்காரங்களும் நல்லா பார்த்தோம்.”

பெஞ்சில் மௌனம். வலப்பக்க ஆராய்ச்சிக்குப் போன மாதங்கள் அவர் முகத்தில் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் நீண்ட காலம் கடன் மனுக்களைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவ்வளவு எளிதில் விழுந்துவிடுவாரா? “எல்லா கேப்டனும் சுத்துவான்னு எழுத்துல உத்தரவாதம் கிடையாது” என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

இதெல்லாம் தெரியாமல் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில், “தேதி மட்டும் சொல்லுங்கப்பா. என் கார்டுலயே போட்டுடறேன். பத்து நிமிஷ வேலை” என்றான். கப்பல் சார் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. செலவு பிள்ளையுடையது என்பதற்காக அல்ல. பத்து நிமிஷ வேலை என்றானே, அதற்காக. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, கணினி முன்னால் உட்கார்ந்து அவர் செய்வது சுற்றுலா ஏற்பாடு என்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அது அலுவலகம். அங்கே தபால் வருகிறது, கோப்பு நகர்கிறது, விலை ஏறுகிறது, முடிவு ஒத்திவைக்கப்படுகிறது. ஓய்வு பெற்ற அன்று பறிபோன நாற்காலியை அலாஸ்கா அவருக்குத் திரும்பக் கொடுத்திருக்கிறது. டிக்கெட் எடுத்தால் அன்றைக்கே அவர் இரண்டாவது முறை ரிட்டயர் ஆக வேண்டியிருக்கும். அம்மாவுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கம்பளி உடுப்புகளை, கொடைக்கானல் போகிற தம்பி பிள்ளைகளுக்குத் தாராளமாக இரவல் கொடுத்துவிடுகிறார்.

உங்கள் குடியிருப்பிலும் இவர் நிச்சயம் இருப்பார். பார்த்தால், “எப்ப சார் கிளம்பறீங்க?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பாவம், சங்கடப்படுவார். “ஏறுறது வான்கூவரா, சியாட்டிலா?” என்று கேளுங்கள். போகும்போது ஒரு தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.