போட்டுக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

கேள்வி: அலுவலகத்தில் நடக்கும் தில்லுமுல்லுகளை மேலிடத்துக்கு எழுதினால் என்ன கிடைக்கும்?

பதில்: அது எந்த நாட்டு மேலிடம் என்பதைப் பொறுத்தது!

பிராட்லி பிர்க்கன்ஃபெல்ட், சுவிஸ் வங்கியான யு.பி.எஸ்.ஸில் வேலை பார்த்த அமெரிக்கர். வாடிக்கையாளருக்காக டூத்பேஸ்ட் டியூபில் வைரம் கடத்திய கில்லாடி. பணக்காரர்களின் வரி ஏய்ப்பை வங்கி எப்படி ஊட்டி வளர்த்தது என்று அமெரிக்க அரசிடம் போட்டுக் கொடுத்தார். தன் பங்குக்கு 40 மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார். விடுதலையான கையோடு, 2012-ல் வரித்துறை தந்த வெகுமதி 10.4 கோடி டாலர்!

நம் ஊரில்? தங்க நாற்கரச் சாலைத் திட்டத்து ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொன்னார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகச் சுற்றியது.

2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சி.பி.ஐ.

தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறியது. அது இன்னும் அமலுக்கு வரவில்லை.