அப்புச்சியின் கார்ப்பெட்

அப்புச்சியின் அம்பாசிடரில் யார் ஏறினாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "மழ வாசம்" என்பார் அவர். பொள்ளாச்சியில் மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கடைசியில் கார்ப்பெட்டை மாற்றுவதென்று முடிவானது. சீட்டுக்குச் செலவழித்தால் ஒறம்பரை கண்ணிலாவது படும், காலடிக்கு எதற்கு என்ற மாமாவின் வாதம் எடுபடவில்லை.

கோயமுத்தூரில் குஷன் கடைக்காரர் சீட்டைக் கழற்றிவிட்டு, கார்ப்பெட்டை உரித்தார். அடியில் சணல் ஃபெல்ட். இன்ஜின் சூட்டையும் சத்தத்தையும் தடுக்க வைத்தது. முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங் வெடித்த நாளிலிருந்து ஒழுகிய தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுச் சும்மா படுத்திருந்தது. மேலே தொட்டால் காய்ந்தாற்போலத்தான் இருக்கும்; அடி ஈரம் தகரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

கொடுமணல் அகழாய்வில் தோண்டியவர்களுக்குக் கல்மணிகள் கிடைத்தன. எங்களுக்கு ஒரு விரலி மஞ்சள், தேங்காய் நார், பாதி சினிமா டிக்கெட். அந்த டிக்கெட்டில் யார், யாரோடு போனது என்று அம்முச்சி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஃபெல்ட்டையும் எடுத்ததும் டிரைவர் காலடியில் ரோடு தெரிந்தது. "காத்தோட்டமா இருக்குதுங்க" என்றார் கடைக்காரர், மரியாதை குறையாமல்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி, 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் செய்த வண்டி இது. லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பும். தரைத் தகரம் போன வண்டிக்குக் கார்ப்பெட் போடுவது வீண். ஆகவே டிங்கர் வந்தார். துருவை வெட்டி, வெல்டு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, தார் ஷீட் ஒட்டி, பீடிங்கும் மாற்றி முடித்தபோது, பில்லில் கார்ப்பெட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவினாசி ரோட்டு ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனால் இனி நான் பளபளப்பைப் பார்க்க மாட்டேன். குனிந்து தரையைத்தான் பார்ப்பேன்.

புதுக் கார்ப்பெட்டை வெட்டும் வேலைதான் நுணுக்கம். நடுவில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடும் மேடு இருக்கிறதே, அங்கே ஒரே விரிப்பாகப் போட்டால் சுருங்கித் தூக்கும். மேட்டுக்குத் தனித்துண்டு வெட்டி ஓரம் தைத்தார்கள்.

வண்டி வீடு வந்ததும் அப்புச்சி சட்டம் போட்டார்: செருப்போடு யாரும் ஏறக் கூடாது. அடுத்த கிருத்திகைக்கு மருதமலை போனோம். இறங்கியதும் மாமா செருப்பைத் தேடினார். எல்லார் செருப்பும் பொள்ளாச்சி வீட்டு வாசலில் கிடந்தன.

"அதனாலென்ன கண்ணு, மேல போனாக் கழட்டத்தானே போறீங்க?" என்றார் அப்புச்சி, டிக்கியிலிருந்து தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டே.