மருந்துக்கும் இல்லாத துப்பாக்கி

தொரப்பள்ளி என்றால் ராஜாஜி. 1878இல் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். அகிம்சைக்காரர் பிறந்த ஊரின் டீக்கடை பெஞ்சில் தினமும் காலையில் ஒருவர் துப்பாக்கி கெட்டித்துக்கொண்டிருக்கிறார்.

பயப்பட வேண்டாம். ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் அவர். வீட்டில் மருந்துக்குக்கூடத் துப்பாக்கி கிடையாது. கையில் இருப்பது குடை.

குடையை நிமிர்த்தி நிறுத்தினால் குழல். "கேளுங்க தம்பி, அந்தக் காலத்துல மருந்தும் குண்டும் பின்னாடி போடறதில்லை, வாய் வழியா. காகிதத் தோட்டாவைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும். கிண்ணியில கொஞ்சம் மருந்து, மீதி குழலுக்குள்ள. அப்புறம் குண்டு, காகிதம். கம்பியால இடி! முன்பல் இல்லாதவனைப் பட்டாளத்துல சேர்க்க மாட்டாங்க." இதைச் சொல்பவருக்கு முன்பல் இரண்டு இல்லை. 1857 கலகத்துக்குப் பொறி வைத்த கொழுப்புத் தடவிய தோட்டா கதையும் இந்த இடத்தில்தான் வரும்.

கிழக்கிந்தியக் கும்பெனிச் சிப்பாயின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக்கு வந்துவிட்டால் அவருக்குள் இருக்கும் பழைய ஃபிட்டர் விழித்துக்கொள்வார். குழலின் உள்வாய் சுமார் 19 மில்லிமீட்டர், குண்டு பதினேழரை. "ஒன்றரை மில்லி கேப்! எங்க கம்பெனியா இருந்தா பீஸ் ரிஜெக்ட்." நாலு தடவை சுட்டால் கரி அடைத்துக்கொள்ளும், அப்போதும் குண்டு சிக்காமல் இறங்கத்தான் அந்தத் தொளதொளப்பு என்று அவரே சமாதானமும் சொல்வார். ஆனாலும் முகத்தில் வருத்தம் போகாது. நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறினால் யாரைக் குறை சொல்வது?

ஒருமுறை கல்லூரிப் பையன் ஒருவன், ஓசூர் 1792இல் கும்பெனி கைக்குப் போனது என்று வாயை விட்டான். தொலைந்தான். அந்த வருஷம் போனது பாராமகால் பகுதி. 1791இல் கும்பெனிப் படை ஓசூரைப் பிடித்தாலும், 1799இல் திப்பு விழுந்த பிறகே இந்தப் பக்கம் நிரந்தரமாக அவர்களிடம் போனது. பையன் அன்று முதல் வேறு கடையில் டீ குடிக்கிறான்.

வாத்து சுடப் போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத்தை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். சிக்கிமுக்கிக் கல்லின் பொறியைக் கண்டதும் வாத்துகள் உஷாராகிவிடுமாம். தட்டினால் வெடிக்கும் மருந்தை வைத்துப் பாதிரியார் 1807இல் காப்புரிமை வாங்கினார். "நம்ம தீபாவளிப் பொட்டு வெடி இருக்கே, அதுக்குக் கொள்ளுத்தாத்தா!"

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கத்து நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் குரல் தாழும். "லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா ஜெயில். ஆயுதச் சட்டம், 1959." உடனே குடை மறுபடி குடையாகிவிடும்.

தேர்ந்த சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவான். பெரியவருக்கு ஒருமுறை கெட்டிக்கவே இரண்டு டீ ஆகும். கடைசியில் குதிரையை இழுத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்க்கும்போது போன் அடிக்கும். "ஏங்க, தண்ணி வந்திருச்சு, மோட்டார் போடணும்." இன்றுவரை அந்தத் துப்பாக்கி வெடித்ததில்லை.

ராஜாஜி வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கையில் குடையோடு டீக்கடைப் பக்கம் ஒதுங்க வேண்டாம். ஓசூர் பஸ் போய்விடும்.