ஐயருக்குச் சிறை, ராஜாவுக்கு ரெண்டு பெண்டாட்டி

தரங்கம்பாடி லுத்தரன் சபையின் கதை ஒரு ஃபெயில் மார்க்கில் ஆரம்பிக்கிறது. 1705-ல் கோபன்ஹேகனில் இரண்டு ஜெர்மன் வாலிபர்களைப் பரீட்சைக்கு உட்கார வைத்தார் பிஷப் போர்னெமன். கடல் கடந்து போய் வேதம் சொல்லப்போகிறவர்கள், சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தார். தேறவில்லை என்று சொல்லிவிட்டார். மூத்தவர் ஹென்ரிக் புளுட்சோ. இளையவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. வயது 23, நோஞ்சான் உடம்பு, ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த படிப்பையும் முடித்தபாடில்லை.

ஆனால் இவர்களை அனுப்பியே தீருவது என்று டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக் முடிவு செய்திருந்தார். மறுபடியும் பரீட்சை வையுங்கள் என்று உத்தரவு வந்தது. ராஜா சொல்லி நடக்கிற மறுதேர்வில் யாராவது ஃபெயிலாவார்களா? பாஸ்.

ராஜாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். தரங்கம்பாடிக்காரர்களின் ஆத்துமா கெட்டுப்போகுமே என்று கவலைப்பட்ட இந்தப் புண்ணியவான், பட்டத்து ராணி உயிரோடு இருக்கும்போதே 1703-ல் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டவர். அந்த அம்மாள் மறு வருஷமே பிரசவத்தில் இறந்துபோனார். 1712-ல் ஒரு பிரபுவின் 19 வயது மகளை அவள் வீட்டு மாளிகையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அடுத்த கல்யாணம். 1721-ல் பட்டத்து ராணி காலமானார். அடக்கம் முடிந்த மறுநாளே இளையவளை முறைப்படி மணந்து மகாராணி ஆக்கினார். ஒருவனுக்கு ஒருத்தி என்று தரங்கம்பாடியில் பிரசங்கம் செய்ய மிஷனரிகளுக்குப் பணம் வந்தது இவருடைய கஜானாவிலிருந்துதான். ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அவருடைய முத்திரையைக் கிரீடத்தோடு இன்றைக்கும் பார்க்கலாம். அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

1706 ஜூலை 9-ம் தேதி 'சோஃபியா ஹெட்விக்' கப்பல் வந்து சேர்ந்தது. ராஜா அனுப்பிய ஆட்களுக்கு மேளதாளம் எல்லாம் இல்லை. சில நாள் கப்பலிலேயே காக்க வைத்தார்கள். கரைக்கு வந்த பிறகு கோட்டைத் தளபதி ஹாசியஸ், நீங்கள் யார், உங்களால் எனக்கு என்ன பிரயோஜனம் என்கிற தோரணையில் விசாரித்துவிட்டு, கடைத்தெருப் பக்கம் நிற்க விட்டுவிட்டுப் போய்விட்டார். பொழுது சாயும்வரை இரண்டு பாதிரிமார்களும் தெருவில் நின்றார்கள்.

ஹாசியஸ் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1620-ல் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டிய நாளிலிருந்து டேனிஷ்காரர்களுக்கு ஒரே வேதம் வியாபாரம்தான். தஞ்சாவூர் ராஜாவுக்கு வருஷா வருஷம் கப்பம் கட்டிக்கொண்டு, செட்டிமாரைப் பகைத்துக்கொள்ளாமல் துணி வாங்கிக் கப்பலேற்றினால் போதும். எண்பத்தாறு வருஷம் எந்த டேனிஷ்காரருக்கும் பக்கத்துத் தெருக்காரரின் மோட்சத்தைப் பற்றிக் கவலை வந்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சீயோன் ஆலயத்தில் தங்களுக்குள் ஜெபித்துக்கொண்டார்கள், முடிந்தது. இப்போது இரண்டு பையன்கள் வந்து ஊரைக் கலக்கினால் சரக்குக்கு யார் பொறுப்பு?

பையன்கள் கலக்கத்தான் செய்தார்கள். சீகன்பால்கு முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். பிறகு வயதான வாத்தியார் ஒருவரைப் பள்ளிக்கூடத்தோடு தம் வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டார். 1707 மே 12-ல் முதல் ஞானஸ்நானம், ஐந்து பேர். ஐந்து பேருமே டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். எஜமானர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நேற்றுவரை கூஜா தூக்கியவன் இன்று கிறிஸ்துவுக்குள் சகோதரன்! அதே வருஷம் ஆகஸ்டில் எருசலேம் என்று பெயர் வைத்துத் தமிழ் ஆட்களுக்குத் தனியாக ஒரு கோயிலே கட்டி முடித்துவிட்டார்கள். பணப்பெட்டி ஒன்று கப்பலிலிருந்து கரைக்கு வருகிற வழியில் படகு கவிழ்ந்து கடலில் போனது பிறகு நடந்த கதை. கோயில் இருந்தது, கடன் இருந்தது, காசு அலையடியில் இருந்தது.

அடுத்து வந்தது சிறை. ஒரு நாவிதரின் விதவை. புருஷன் வைத்துவிட்டுப்போன கடன் விவகாரம். எதிராளி கத்தோலிக்கர், டேனிஷ் கம்பெனியில் துபாஷி, அதாவது கோட்டைக்குச் செல்லப்பிள்ளை. அம்மாளுக்கு அநியாயம் நடக்கிறது என்று சீகன்பால்கு திரும்பத் திரும்பப் போய் நின்றார். அதோடு விட்டிருக்கலாம். டேனிஷ்காரர்கள் கோயிலுக்கு வரும் நேரம் பார்த்துத் தளபதியின் முன்னால் போய் முழங்கால் போடு என்று அந்த அம்மாளுக்கு யோசனையும் சொல்லிக் கொடுத்தார். கற்பனை செய்துபாருங்கள்: ஹாசியஸ் துரை, ஊர் பார்க்க, ஆராதனைக்கு வந்த இடத்தில், காலடியில் ஒரு விதவை. இதைவிடப் பக்குவமாக ஒரு அதிகாரியின் மானத்தை வாங்க முடியாது. கூப்பிட்டு அனுப்பினார். ஐயர், அதாவது நம் பாதிரியார், வரமாட்டேன் என்றார். எழுத்து மூலமாகச் சம்மன் வேண்டுமாம். சம்மனுக்குப் பதில் சிப்பாய்கள் வந்தார்கள். விசாரணையில் ஐயர் வாய் திறக்கவில்லை. உள்ளே போடு என்று உத்தரவு. 1708 நவம்பரிலிருந்து நான்கு மாதத்துக்கு மேல் டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் வாசம். போட்டவரும் லுத்தரன், போடப்பட்டவரும் லுத்தரன். வெளியே வந்த பிறகும் இருவருக்கும் எளிதில் ஒத்துப்போகவில்லை. ஊரில் இருந்த கத்தோலிக்கர்களுக்கு அது எவ்வளவு இனிப்பான நவம்பர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அச்சு இயந்திரம் வந்த கதை இதைவிட விசேஷம். லண்டனில் ஒரு கிறிஸ்தவச் சங்கம் அனுப்பியது. கப்பல் ரியோ டி ஜெனிரோவுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவழியாக மீண்டு கிளம்பினால், கூடவே வந்த அச்சுக்காரர் வழியில் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712-ல் அனாதையாக வந்து இறங்கியது. ஓட்ட ஆளில்லை. கோட்டைச் சிப்பாய்களுக்குள் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்தார்கள். தமிழ் எழுத்துகளை ஹாலேயிலேயே வார்த்து அனுப்பினார்கள்; ஒவ்வொரு எழுத்தும் தண்டி தண்டியாக இருந்தது. அந்த எழுத்தில் மத்தேயு, மாற்கு என்று அடித்துக்கொண்டு போனால் வெளிப்படுத்தின விசேஷம் வருமுன் ஊரில் காகிதம் தீர்ந்துவிடும். ஆகவே உள்ளூரிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம்? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். பொறையாறில் காகித ஆலை ஒன்றையும் வைத்துப்பார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுசாக அச்சில் வந்துவிட்டது. துரைமார் தின்று முடித்த சீஸின் மிச்சத்தில் நம் முன்னோர் யோவான் சுவிசேஷம் வாசித்தார்கள் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

எதிராளியின் வாயைக் கிளறுவதில் சீகன்பால்குக்கும் அவருடைய சகா கிரண்ட்லருக்கும் அலாதி ஆசை. உங்கள் மதத்தில் என்ன, எங்கள் மதத்தில் என்ன குறை என்று ஊராரிடம் கேள்வி அனுப்பினார்கள். தமிழர்கள் சும்மா இருப்பார்களா? 99 கடிதங்கள் ஜெர்மனில் அச்சாகியிருக்கின்றன. தத்துவமெல்லாம் உண்டு, ஆனால் நடுநடுவே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்: நீங்கள் மாட்டுக்கறி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், ஒழுங்காகக் குளிப்பதில்லை, உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கட்டும், உங்களைப் பார்த்தால் சேரத் தோன்றவில்லையே. இதையும் அப்படியே மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பி அச்சேற விட்டார்களே, அந்தத் தைரியத்துக்குக் கும்பிடு போடலாம்.

சீகன்பால்கு இன்னும் ஒரு படி மேலே போனார். சிவன், விஷ்ணுவிலிருந்து ஐயனார், மாரியம்மன்வரை தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியையே 1713-ல் ஒரு புத்தகமாக எழுதி அனுப்பினார். ஹாலேயில் அவருடைய ஆசிரியரான பெரியவர் பிராங்கே அதைப் பார்த்து முகம் சுளித்தார். உன்னை அனுப்பியது அஞ்ஞானத்தை அங்கே ஒழிக்க, அதை இங்கே பரப்ப இல்லை என்பது அவர் கட்சி. புத்தகம் பரணுக்குப் போனது. 150 வருஷத்துக்குப் பிறகு, 1867-ல், சென்னையில் அச்சானது. இன்றைக்கு ஐயனாரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் தேடிப்போய்ப் படிப்பது இந்தப் பாதிரியாரைத்தான்.

கடைசி அடியும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கோபன்ஹேகன் மிஷன் அலுவலகத்துச் செயலாளர் வெண்ட் என்பவருக்கு, மிஷனரி என்றால் அப்போஸ்தலர் மாதிரி ஏழையாகத் திரிய வேண்டும். கோயில், பள்ளிக்கூடம், வீடு, மனைவி எல்லாம் வீண் செலவு. வெயில் ஏறாத ஊரில் உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி குத்திக் கடிதம் எழுதினார். சீகன்பால்கு அதற்குள் ஊருக்குப் போய் 1716-ல் கல்யாணம் செய்து மனைவியோடு திரும்பியிருந்தார். 1718-ல் புதிய எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். 1719 பிப்ரவரியில், 36 வயதில், போய்விட்டார். மறு வருஷம் கிரண்ட்லரும். கணக்குக் கேட்ட வெண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஆலயத்துக்குள் உட்காரும் கதைக்கு வருவோம். சிலுவை வடிவக் கட்டடம். ஐரோப்பியருக்கு நாற்காலி. வெள்ளாளருக்குப் பாய். பறையர்களுக்குத் தரை. நடுவில் கொஞ்சம் இடைவெளி, கிறிஸ்து வந்தால் நடக்க வழி வேண்டும் அல்லவா. திருவிருந்துக்கு யார் முதலில், யார் பிறகு என்பது கிண்ணத்துக்கே தெரியும். 1733 டிசம்பர் 28-ல் கடலூர் வெள்ளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியர்களில் முதல் லுத்தரன் ஐயர். அப்போது ராஜநாயக்கன் என்ற ஒருவரும் இருந்தார். தஞ்சாவூர்ப் படையில் சிப்பாய், தரங்கம்பாடியில் அச்சான அந்தப் புதிய ஏற்பாட்டை வாசித்தே மனம் மாறியவர், உபதேசியாராக அடியும் உதையும் பட்டவர். அவருக்குப் பட்டம் இல்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் யோசிப்பார்களாம், பறையர். தளபதிக்குப் பயப்படாத, ராஜாவுக்கே கடிதம் எழுதிய மிஷன், பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பயந்தது.

பின்னாளில் சென்னை வேப்பேரியில் பப்ரிசியஸ் ஐயர் என்று ஒருவர். பைபிளையும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் உருகி உருகித் தமிழாக்கியவர். அவர் மொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன்கள் இருபதாம் நூற்றாண்டிலும் கைவிடவில்லை. அந்த மனுஷர் சபையாரின் பணத்தை வாங்கி வட்டிக்கு விட்டு, கொடுத்த இடம் திரும்பாமல், கடனாளியாகி அவரும் ஜெயிலுக்குப் போனார். ஒருவர் விதவைக்காக உள்ளே போனார், இன்னொருவர் வட்டிக்காக. பைபிள் மொழிபெயர்த்தால் ஜெயில் என்று உபதேசிமார்களுக்குள் ஒரு பேச்சு கிளம்பியிருந்தால் ஆச்சரியமில்லை.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வந்த பிறகு சபைச் சண்டைக்கு ராகமும் தாளமும் சேர்ந்தன. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி ராஜாவின் சிநேகிதர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். புதிதாக வந்த மிஷனரிமார் செய்த நான்கு கொடுமைகள் என்று ஒரு பட்டியலே போட்டார்: பழகிய பைபிளைத் திருத்தினார்கள்; எல்லாச் சாதியையும் கலந்து உட்காரச் சொன்னார்கள்; விழாவுக்கும் கல்யாணத்துக்கும் பூ கூடாது என்றார்கள்; கோயிலில் தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்றார்கள். பூவிலும் பாட்டிலும் நான் சாஸ்திரியார் கட்சி. சாதி விஷயத்தில் அவர் தன் பாயை விடமாட்டேன் என்று அடம்பிடித்த வெள்ளாளர், அவ்வளவுதான். நல்ல பாட்டு எழுதினவருக்கெல்லாம் நல்ல புத்தி இருந்தாக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வேண்டாம் என்ற அதே கோயில்களில் இன்று அவர் பாட்டு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதில்லை.

1833-ல் ஆங்கிலிக்கன் பிஷப் வில்சன், சபையில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். ரோஷம் வந்த பலர் மூட்டை கட்டினார்கள். எங்கே போவது? 1840-ல் வந்து இறங்கிய, பின்னாளில் லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்ற லுத்தரன்கள் சாதியை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்று செய்தி பரவியது. சபையில் ஆள் சேர்ந்தது. இப்படியும் ஒரு எழுப்புதல். லைப்சிக் இயக்குநர் கார்ல் கிரவுல் சாதியைச் சமூக வழக்கம் என்று வாதாடினார். அதே கையால் 1856-ல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்று சொல்லும் குறளை எந்த முகத்தோடு மொழிபெயர்த்தாரோ.

இதற்கிடையில் 1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது. முதல் உலகப்போரில் ஜெர்மன் ஐயர்மாரும் போக நேர்ந்தது. 1919 ஜனவரி 14-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பிறந்தது. அதன் முதல் பிஷப் ஒரு சுவீடன்காரர். தமிழர் ஒருவர், ராஜா மாணிக்கம், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது 1956. சீகன்பால்கு கடைத்தெருவில் நின்று 250 வருஷம். நாற்காலிக்குத் தமிழர் வந்துவிட்டார், இனி வெள்ளைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து சண்டையெல்லாம் சபைச் சங்கத் தேர்தலில்தான்.