ஒன்பது மில்லிமீட்டர் விசாரணை

வடக்கு வேல்ஸில் பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்னும் ஊரின் சிலேட்டுக்கல் சுரங்கங்களிலிருந்து போர்த்மாடொக் துறைமுகம் வரையில் பதின்மூன்றரை மைல் தூரத்துக்கு 1836-ஆம் ஆண்டில் ஒரு குறும்பாதை ரயில் திறக்கப்பட்டது என்பதும், அதில் கூரைக் கற்களைச் சுமந்தோடிய இரண்டு டன் வண்டியை இன்று அடிக்கு நாலு மில்லிமீட்டர் வீதம் சுருக்கி, அங்கம் அங்கமாகப் பிரித்து, உறையிலிட்டு விற்கிறார்கள் என்பதும், அதை வாங்கி ஒட்டுவதிலேயே தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கும் கிரகஸ்தர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதும் வாசகர்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இப்பொருள் குறித்து எழுத எனக்குள்ள யோக்கியதை, இத்தகைய வண்டி ஒன்றை நான் கட்டியிருக்கிறேன் என்பதே. நூறு வண்டி கட்டியவர்களுக்கு எழுத அவகாசம் இருப்பதில்லை.

முதற்கண் பாதையின் அகலத்தை விசாரிப்போம். ஃபெஸ்டினியோக் பாதையின் அகலம் ஓரடி பதினொன்றரை அங்குலம். மேற்சொன்ன விகிதப்படி அது எட்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே வரவேண்டும். ஆனால் ‘டபிள் ஓ நைன்’ என்று வழங்கும் இந்தச் சம்பிரதாயத்தில் தண்டவாளம் ஒன்பது மில்லிமீட்டருக்குப் போடப்படுகிறது. காரணம் தத்துவமன்று, சௌகரியம். இதனினும் சிறிய விகிதத்தில் பெரிய ரயில்களைச் செய்து விளையாடுகிறவர்களுக்காக 1960-களில் ஜெர்மனியிலிருந்து பரவிய ஒன்பது மில்லிமீட்டர்ச் சக்கரமும் தண்டவாளமும் கடைகளில் தயாராகக் கிடைத்தமையால், குறும்பாதைக்காரர்கள் அவற்றையே சுவீகாரம் செய்துகொண்டார்கள். இதனால் ஃபெஸ்டினியோக் பாதை இரண்டடி மூன்றங்குலமாகி, அதாவது மூன்றரை அங்குலம் பெருத்து, அதே வேல்ஸிலுள்ள டாலிஹ்லின் ரயிலின் சட்டையை இரவல் வாங்கி அணிந்த கோலத்தில் நிற்கிறது.

இனி, இதே விகிதத்தில் பெரிய பாதையைச் செய்கிறவர்களின் கதையையும் பார்த்துவிட வேண்டும். நாலடி எட்டரை அங்குலம் உள்ள அந்தப் பாதைக்கு அவர்கள் பதினாறரை மில்லிமீட்டர்த் தண்டவாளம் போடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அது நாலடி ஒன்றரை அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. ஆக, பெரும்பாதையிடமிருந்து ஏழங்குலம் பறிக்கப்பட்டு, குறும்பாதைக்கு மூன்றரை அங்குலம், சரியாக அதில் பாதி, தானம் செய்யப்பட்டிருக்கிறது. செல்வனிடம் வாங்கி வறியவனுக்கு வழங்குவது தர்மமே. மீதிப் பாதி வசூல் செலவில் போயிற்று என்று கொள்வதைத் தவிர வேறு சமாதானம் எனக்குப் புலப்படவில்லை.

இவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தலை முகச்சுளிப்பின்றி ஏற்றுக்கொண்ட அதே மனிதர்தாம், வண்டியின் பக்கப் பலகையில் அச்சு வார்ப்பு விட்டுப்போன கால் மில்லிமீட்டர்ப் பிசிறைப் பொறுக்கமாட்டாமல், மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் தரித்து, தட்டாரிடமிருக்கும் அரத்தைப் போன்ற ஒன்றினால் அரைமணி நேரம் தேய்க்கிறார். கேட்டால், நிஜ வண்டியில் அது முக்கால் அங்குலம் என்கிறார். முக்கால் அங்குலத்துக்காக உயிரை விடுகிறவர் மூன்றரை அங்குலத்தை எப்படி ஜீரணித்தார் என்று கேட்பது அவருடைய நட்பை இழப்பதற்கு நிச்சயமான மார்க்கம். ஊரோடு சேர்ந்து சொல்லும் பொய் சம்பிரதாயமாகிவிடுகிறது, தனியாகச் சொல்வதுதான் பொய் என்பது அவர் சொல்லாமல் சொல்லும் சித்தாந்தம்.

கட்டும் முறையில் பிரமாணங்கள் மூன்று. உறைக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்புத் தாள் சப்தப் பிரமாணம். அதைப் பிழை செய்த பின்னரே வாசிப்பது மரபு. உறையின் மேலிருக்கும் படம் பிரத்தியக்ஷம். அது பெரும்பாலும் வேறொரு வண்டியினுடையது. இவையிரண்டும் முரண்படும் இடத்தில் மிஞ்சுவது அனுமானம். பக்கங்களையும் அடிச்சட்டத்தையும் கரைப்பான் தொட்டுப் பொருத்தியதும், பசை இறுகுமுன் வண்டியைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து நாலு சக்கரமும் படிகின்றனவா என்று பார்க்கவேண்டும். என் வண்டியில் மூன்று படிந்தன. நான்காவதை அழுத்தியபோது அது பணிந்தது, முதலாவது எழுந்தது. இந்த உபசாரம் ஒரு மாலைப்பொழுது முழுதும் நடைபெற்றது.

பிரேக் நெம்புகோலின் விவகாரம் தனி அத்தியாயத்துக்குரியது. எறும்பின் காலினும் சற்றே தடித்த அந்த உறுப்பைச் சாமணத்தால் பற்றினேன். பற்றிய மாத்திரத்தில் அது டிக் என்றொரு நாதத்தோடு மறைந்தது. தரையில் நாலு காலாகத் தவழ்ந்து ஒரு மணி நேரம் தேடியும் அகப்படவில்லை. இந்நிலையில் என்னைக் கைதூக்கி விட்டது சரித்திரம். ஃபெஸ்டினியோக்கில் கல் ஏற்றிய வண்டித்தொடர்கள் 1939 வரையில் எஞ்சினின் துணையின்றியே மலையிலிருந்து துறைமுகத்துக்குத் தம் பாரத்தால் உருண்டு வந்தன. ஆட்கள் வண்டிகளின்மேல் அமர்ந்து பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் வேகத்தை ஆண்டார்கள். 1863-இல் நீராவி வருமுன்னர்க் காலி வண்டிகளை மேலே இழுத்துச் சென்ற குதிரைகள்கூட, இறங்கும்போது தமக்கென அமைந்த வண்டியில் ஏறிக்கொண்டு பிரயாணம் செய்தன. நமக்கு முக்கியமான செய்தி, அத்தொடர்களில் எல்லா வண்டிகளுக்கும் பிரேக் இருக்கவில்லை என்பது. ஆகவே என் வண்டி பிரேக் இல்லாத வகுப்பைச் சேர்ந்தது என்று அன்றிரவே நிர்ணயம் செய்து, சாம்பல் வர்ணமும் பூசிவிட்டேன்.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு ரசம் உண்டு. வேல்ஸ்காரர்கள் கூரைக் கற்களின் அளவுகளுக்குப் பிரபு குலத்துப் பெண்மணிகளின் பட்டங்களைச் சூட்டியிருந்தார்கள். இருபத்துநாலுக்குப் பன்னிரண்டு அங்குலக் கல்லுக்கு ‘டச்சஸ்’, அதாவது கோமகள், என்று பெயர். நம் விகிதத்தில் அந்தச் சீமாட்டி எட்டு மில்லிமீட்டர் உயரமும் நாலு மில்லிமீட்டர் அகலமும் உள்ளவள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை நறுக்கி நாற்பது சீமாட்டிகளைச் செய்து, அவர்கள் பிரயாணம் செய்த முறைப்படியே செங்குத்தாக அடுக்கினேன். ஒருத்தியின் முதுகில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்ற எழுத்துகள் இன்றும் தெரிகின்றன.

இறுதியாகப் பரிசோதனை. ஃபெஸ்டினியோக் பாதையின் சரிவு ஏறக்குறைய எண்பதுக்கு ஒன்று; ஆதலால் மூன்றடிப் பலகையின் ஒரு முனையை அரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாக உயர்த்தினால் போதுமானது. பஞ்சாங்கத்தை வைத்தேன், வண்டி அசையவில்லை. நன்னூல் உரையைச் சேர்த்தேன், யோசிப்பதுபோல் இருந்தது. காரணம் இதுதான்: இரண்டு டன் பாரம் நம் விகிதத்தில் நாலரை கிராமுக்குச் சற்றே அதிகம், பாரம் இப்படிக் குறையும்போது அச்சின் உராய்வு மட்டும் அந்த விகிதத்தில் இறங்கிவர மறுக்கிறது. இதற்காகவே அனுபவஸ்தர்கள் வண்டியின் வயிற்றில் ஈயத்துண்டு ஒளித்து வைக்கிறார்கள். நானும் வைத்து, அகராதியையும் அடுக்கினேன்.

வண்டி புறப்பட்டது. பிரேக் இல்லாத வகுப்பைச் சேர்ந்ததாகையால், நிற்கவில்லை. பலகையைக் கடந்து, மேஜையைக் கடந்து, நாற்பது சீமாட்டிகளையும் அந்தரத்தில் இறக்கிவிட்டுப் பீரோவுக்கு அடியில் நுழைந்தது. துடைப்பத்தால் துழாவிய என் மனைவி முதலில் வெளியே இழுத்த பொருளைப் பார்த்து, “ஏங்க, இந்தத் துரும்பும் உங்களோடதா?” என்றாள். பிரேக் நெம்புகோல். அடுத்த துழாவலில் வண்டியும் வந்தது. அதன் முன்பக்கக் கொக்கியைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.